உறங்கும் செயலிகளும் குற்றாலத்து வெள்ளமும்

2024 மே 17. சாரல் சீசன் தொடங்க இன்னும் நாள் இருந்தது. மலையில் கோடை மழை. கீழே பழைய குற்றால அருவியில் வழக்கம்போல ஜனங்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று காட்டாற்று வெள்ளம் வந்தது. மக்கள் அலறியடித்துக்கொண்டு ஓடிய காட்சிகள் செல்பேசிகளில் சுற்றியதைப் பலரும் பார்த்திருப்பார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த 17 வயது மாணவர் ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனார்.

இப்படி ஏதாவது நடந்தால் கணினி படிக்கிற பிள்ளைகளுக்கு முதலில் தோன்றுவது ஒன்றுதான். "இதுக்கு ஒரு ஆப் செஞ்சா என்ன?" கடைசி வருட புராஜெக்ட் தலைப்புகளில் வெள்ள எச்சரிக்கை செயலி இல்லாத கல்லூரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். யோசனை ரொம்ப எளிது. மலை மேலே ஒரு உணர்கருவி. நடுவில் ஒரு சர்வர். கீழே எல்லோர் செல்பேசியிலும் ஒரு செயலி. மேலே தண்ணீர் ஏறினால் கீழே செல்பேசி அலற வேண்டும், அவ்வளவுதான்.

உணர்கருவியை எங்கே வைப்பது, யானையும் குரங்கும் அதை விட்டுவைக்குமா, அங்கே சிக்னல் கிடைக்குமா என்றெல்லாம் மணிக்கணக்கில் விவாதம் நடக்கும். செல்பேசியில் இருக்கும் செயலியைப் பற்றி மட்டும் யாரும் பேசமாட்டார்கள். அது பாட்டுக்குப் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைப்பு. உண்மையில் இந்த மூன்றில் எதை நம்பவே கூடாது என்று கேட்டால், அந்தச் செயலியைத்தான் காட்ட வேண்டும்.

ஒரு செயலி திரையில் தெரிகிற வரைக்கும் அது ராஜா. கேட்டதெல்லாம் கிடைக்கும். நீங்கள் வேறு செயலிக்குப் போய்விட்டாலோ, திரையை அணைத்துப் பைக்குள் போட்டாலோ, அது பின்னணிக்குப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு அது உயிரோடு இருப்பதே ஆண்ட்ராய்டோ ஐஓஎஸ்ஸோ மனது வைத்தால்தான். நினைவகம் போதவில்லை என்றால் முதலில் களையெடுக்கப்படுவது பின்னணியில் இருப்பவைதான். செயலிக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் கொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

ஏன் இத்தனை கொடுமை? எல்லாம் பேட்டரிக்காகத்தான். செல்பேசி சும்மா கிடக்கும்போது அதன் மூளை உண்மையாகவே தூங்குகிறது. ஒரு செயலி சர்வரிடம் "ஏதாவது புதுசா இருக்கா?" என்று ஒரு வரி கேட்க வேண்டுமானாலும் மூளையை எழுப்ப வேண்டும், ரேடியோவையும் எழுப்ப வேண்டும். கேள்வி கேட்டு முடித்த பிறகும் ரேடியோ உடனே படுக்காது, சில விநாடிகள் முழித்துக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு ஆளுக்காகத் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஒரு டவுன் பஸ்ஸைக் கிளப்பி, அவர் இறங்கிய பிறகும் இஞ்சினை அணைக்காமல் நிறுத்தி வைத்திருப்பது மாதிரி. இருபது செயலிகள் தனித்தனியாக, வெவ்வேறு நேரத்தில், அவரவருக்கு ஒரு பஸ் கிளப்பினால் சாயங்காலத்துக்குள் சார்ஜ் காலி.

ஆப்பிள் இதை ஆரம்பத்திலேயே யோசித்து மிகக் கறாராக இருந்தது. 2010ல் ஐஓஎஸ் 4 வரும் வரைக்கும் வெளியார் செயலிகளுக்குப் பின்னணி என்ற பேச்சே இல்லை. அதற்கு ஒரு வருடம் முன்பு, 2009ல், வேறு ஒரு வழியைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு செயலியும் தனித்தனியாகக் காத்திருக்க வேண்டாம். செல்பேசி முழுமைக்கும் ஆப்பிளின் சர்வரோடு ஒரே ஒரு இணைப்பு. யாருக்குச் செய்தி வந்தாலும் அந்த ஒரே குழாய் வழியாக வரட்டும். ஆண்ட்ராய்டிலும் 2010ல் அப்படி ஒரு குழாய் வந்தது. (இப்போது அதற்குப் பெயர் ஃபயர்பேஸ் கிளவுட் மெசேஜிங்.) ஆனால் பின்னணியில் ஓடவும் ஆண்ட்ராய்டு தாராளமாக விட்டிருந்தது. ஊரார் வீட்டுக் கரண்ட்தானே என்று செயலிகளும் புகுந்து விளையாடின.

பிறகு கூகுள் ஒவ்வொரு கதவாகச் சாத்தத் தொடங்கியது. 2015ல் ஆண்ட்ராய்டு 6ல் 'டோஸ்' வந்தது. செல்பேசி சார்ஜில் இல்லை, திரை அணைந்திருக்கிறது, அசையாமல் கிடக்கிறது என்றால் அது ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்விடும். செயலிகளுக்கு வலைத் தொடர்பு கிடையாது, தள்ளிவைத்த வேலைகளும் நடக்காது. நடுநடுவே கொஞ்ச நேரம் கண் விழித்து எல்லோரையும் மொத்தமாக வேலை பார்க்கவிடும். நேரம் ஆக ஆக அந்த விழிப்புகளுக்கு இடையில் இடைவெளி நீண்டுகொண்டே போகும். 2016ல், பையில் வைத்துக்கொண்டு நடந்தாலும் லேசான உறக்கம் உண்டு என்றானது. 2017ல் பின்னணிச் சேவைகளுக்கே தடை வந்தது. ஓடித்தான் தீர வேண்டும் என்றால், திரைக்கு மேலே நோட்டிபிகேஷனில் "ஓடிக்கொண்டிருக்கிறேன்" என்று முகத்தைக் காட்டிவிட்டு ஓடு என்றார்கள்.

2018ல் வந்தது இன்னும் சுவாரஸ்யம். நீங்கள் எந்தச் செயலியை எவ்வளவு அடிக்கடி திறக்கிறீர்கள் என்று பார்த்து, செல்பேசி அவற்றைத் தரம் பிரித்து வைக்கத் தொடங்கியது. தினமும் திறப்பவைக்குச் சலுகை அதிகம். எப்போதாவது திறப்பவைக்குப் பின்னணி வேலை அபூர்வமாகத்தான் கிடைக்கும். இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இவ்வளவும் கூகுளின் சட்டம். செல்பேசி தயாரிப்பாளர்கள் இதற்கு மேலே தங்கள் சொந்தச் சட்டங்களையும் போட்டிருக்கிறார்கள். "ஆட்டோஸ்டார்ட்" அனுமதி இல்லையென்றால் சில மாடல்களில் செயலி தானாக எழவே எழாது. சிலவற்றில், சமீபத்தில் திறந்தவற்றின் பட்டியலிலிருந்து செயலியைத் தள்ளிவிட்டாலே அதைக் கொன்றதாகப் பொருள். இந்தக் கொடுமை தாங்காமல் "டோன்ட் கில் மை ஆப்" என்று ஒரு வலைத்தளமே நடக்கிறது. எந்த நிறுவனத்தின் செல்பேசி செயலிகளை எப்படிக் கொல்கிறது, தடுக்க எந்த அமைப்பை மாற்ற வேண்டும் என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை நடத்துவது 'ஸ்லீப் ஆஸ் ஆண்ட்ராய்டு' என்ற உறக்க அலாரம் செயலியைச் செய்தவர்கள். காலையில் அலாரம் அடிக்கவில்லை என்று திட்டு வாங்கியவர்களுக்குத்தானே வலி தெரியும்!

இப்போது ஒரு சின்ன உதாரணம். சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறி ஒருவர் தென்காசிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அசந்து தூங்கினாலும் ஊர் வந்ததும் எழுப்பிவிட ஒரு இருப்பிட அலாரம் வைத்திருக்கிறார். ஆண்ட்ராய்டு 8க்குப் பிறகு, பின்னணியில் இருக்கும் செயலிக்கு இருப்பிடம் ஒரு மணி நேரத்தில் சில முறைதான் கிடைக்கும். கடையநல்லூரில் ஒரு தடவை கேட்டுவிட்டு அடுத்த தடவை கேட்பதற்குள் தென்காசி வந்து போய்விட வாய்ப்புண்டு. ஆகவே அந்தச் செயலி நோட்டிபிகேஷனில் முகம் காட்டும் முன்னணிச் சேவையாக ஓட வேண்டும். அப்படி ஓடினாலும், இது எதற்குத் தொங்குகிறது என்று படுக்கப் போகுமுன் அவரே அதை நிறுத்திவிடலாம். ஆண்ட்ராய்டு 13 அதற்கென்றே ஒரு பொத்தானும் கொடுத்திருக்கிறது.

தென்காசியைத் தவறவிட்டால் பெரிய நஷ்டமில்லை, செங்கோட்டையோடு ரயில் நின்றுவிடும். பிரானூர் பார்டரில் புரோட்டா சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரலாம். ஆனால் ரயில்வே 139 எண்ணில் கொண்டுவந்த எழுப்பும் வசதியை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் உங்கள் செல்பேசி எதையும் கணக்கிடுவதில்லை. அழைப்பு வெளியிலிருந்து வருகிறது. விழித்திருக்க வேண்டிய பொறுப்பு உங்கள் பையில் இருக்கும் பெட்டிக்கு இல்லை, எங்கேயோ கரண்ட் தடைபடாமல் ஓடும் சர்வருக்கு.

பின்னணி வேலை பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இதுதான். தென்காசிப் பக்கத்திலேயே இதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. மத்தளம்பாறையில் 2011 முதல் ஸோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் 'அரட்டை' செயலி 2021ல் வெளிவந்தது. 2025 செப்டம்பரில் ஒரேயடியாகப் பிரபலமாகி, மூன்றே நாளில் தினசரிப் புதுப் பதிவுகள் 3,000லிருந்து 3,50,000 ஆகிவிட்டதாக ஸ்ரீதர் வேம்பு அப்போது எழுதினார். அரட்டையோ வாட்ஸ்அப்போ, இப்படிப்பட்ட செயலியெல்லாம் பின்னணியில் கண் கொட்டாமல் காத்திருப்பதாகத்தான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். செய்தி வருவது பொதுவாக அந்த ஒற்றைக் குழாய் வழியாகத்தான். செயலி தூங்கிக்கொண்டிருக்கும். குழாயில் "அவசரம்" என்று முத்திரை குத்திய செய்தி வந்தால் அது டோஸ் உறக்கத்தையும் கலைத்து எழுப்பும். அந்த முத்திரையைச் சும்மா சும்மா குத்தி, பயனாளருக்கு ஒன்றும் காட்டாமல் ஏமாற்றினால் கூகுள் அந்தச் செய்திகளைச் சாதாரணத் தபாலாக இறக்கிவிடும்.

மீதிப் பாதி, எழுந்த பிறகு என்ன செய்வது என்பது. இங்கேதான் மாணவர்களின் நிரல்கள் விழுகின்றன. ஐந்தருவியில் ஒருவர் இருநூறு படம் எடுக்கிறார், அவை மேகக்கணிக்குப் போக வேண்டும். புதிதாக எழுதுபவர் ஒரு சுற்று போட்டு, படங்களை ஒவ்வொன்றாக அனுப்பி, முடியும் வரை செயலியைப் பிடித்து வைத்திருக்கப் பார்ப்பார். ஐம்பதாவது படத்தில் செயலி செத்தால் எங்கே விட்டோம் என்றே தெரியாது. சரியான முறை, செயலி கட்டாயம் சாகும் என்று வைத்துக்கொண்டு எழுதுவது. எந்தப் படம் போனது, எது போகவில்லை என்பது நினைவகத்தில் இருக்கக்கூடாது, சேமிப்பில் எழுதியிருக்க வேண்டும். வேலையை ஒர்க்மேனேஜர் போன்ற ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டு, வைஃபை கிடைத்து சார்ஜும் ஏறும்போது செய் என்று நிபந்தனை வைத்துவிட வேண்டும். ராத்திரி லாட்ஜிலோ வீட்டிலோ செல்பேசியைச் சொருகியதும் மிச்சப் படங்கள் தானாகப் போய்விடும். 2019ல் இதன் முழுமையான முதல் பதிப்பு வந்தது. அதில் திரும்பத் திரும்ப நடக்கும் வேலைக்குக் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம். "ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவை நீர்மட்டத்தைப் பார்" என்றால் முடியாது. 15 நிமிடம் என்பதும் வாக்குறுதி இல்லை, அதற்கு முன்னால் நடக்காது என்பதுதான் அதன் பொருள்!

இன்னொன்று. ஆரியங்காவு பக்கம் மலைப்பாதையில் சிக்னல் வந்து வந்து போகும் ஒரு வழியில் தினவசூல் செய்பவரின் செயலியை நினைத்துப் பாருங்கள். 500 ரூபாய் ரசீதை அனுப்புகிறது. சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் "கிடைத்தது" என்ற பதில் திரும்பி வருமுன் சிக்னல் போய்விட்டது. போகவில்லை என்று நினைத்துச் செயலி மறுபடி அனுப்பும். கணக்கில் 1,000 ரூபாய். மறுபடி அனுப்புவது தப்பில்லை, அனுப்பித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு ரசீதுக்கும் செல்பேசியிலேயே ஒரு தனி எண் கொடுத்து, அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் கண்டுகொள்ளாமல் விட வேண்டும். இவ்வளவுதான் மருந்து. ஆனால் இது இல்லாத செயலிகளால் நடக்கும் சண்டைகளுக்குக் கணக்கே இல்லை.

படமும் ரசீதும் தாமதமாகலாம். தாமதமானாலும் கடைசியில் சேர்ந்துவிட்டால் போதும். வெள்ள எச்சரிக்கை அப்படி இல்லை. பத்து நிமிடம் தாமதமானால் அது எச்சரிக்கையே இல்லை, செய்தி.

இங்கேதான் முன்னால் சொன்ன தரம் பிரிக்கும் சங்கதி வருகிறது. குற்றால வெள்ளத்துக்கென்று ஒரு செயலியை யார் தினமும் திறப்பார்கள்? ராஜபாளையத்திலிருந்து ஒரு குடும்பம் ஜூலையில் சாரலுக்கு வருகிறது. அருவிக்கரையில் பலகையைப் பார்த்துச் செயலியை நிறுவிக்கொள்கிறார்கள். இரண்டு நாள் குளித்துவிட்டு ஊருக்குப் போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு அடுத்த சீசன் வரைக்கும் அந்தச் செயலிக்கு வேலையே இல்லை. செல்பேசியின் கணக்கில் அது உதவாக்கரை. 2021ல் ஆண்ட்ராய்டு 12ல் வந்த ஏற்பாட்டின்படி, பல மாதம் தொடாத செயலி நீள்துயிலில் வைக்கப்படும். கொடுத்த அனுமதிகள் பறிக்கப்படும். பின்னணி வேலை கிடையாது. அந்த ஒற்றைக் குழாய் வழியாக வரும் செய்தியும், "அவசரம்" என்று முத்திரை குத்தியிருந்தாலும், அதற்குப் போய்ச் சேராது. ஒருவர் போய்த் திறந்தால்தான் மறுபடி எழும். அடுத்த ஜூலையில் அவர்கள் மறுபடி அருவிக்கு வந்து நிற்கும்போது, செயலி இருக்கிறது என்ற தைரியம் மட்டும் அவர்களிடம் இருக்கும்!

இதில் குற்றவாளி யாரும் இல்லை என்பதுதான் விசேஷம். பேட்டரியைக் காப்பாற்றும் விதி சரியானது, அந்தரங்கத்தைக் காப்பாற்றும் விதி அதைவிடச் சரியானது. மாதக்கணக்கில் தொடாத செயலி இருப்பிடத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதை யார் விரும்புவார்கள்? வருடத்துக்கு ஒரே ஒரு முறை, ஆனால் அந்த ஒரு முறை தவறாமல் எழ வேண்டிய செயலியை அந்த விதிகளுக்கு அடையாளம் காணத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

உலகமே ஒரு தடவை இந்தச் சுவரில் மோதிப் பார்த்தது. 2020 மார்ச்சில் சிங்கப்பூர் 'டிரேஸ் டுகெதர்' என்ற கொரோனாத் தொடர்பறியும் செயலியை வெளியிட்டது. ஐபோனில் அது பின்னணிக்குப் போனால் புளூடூத் ஒழுங்காக வேலை செய்யாது. ஆகவே செயலியைத் திறந்தே வைத்திருங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒரு அரசாங்கம் கேட்டும் நடக்கவில்லை. அதே வருடம் மே மாதத்தில் ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து அந்த வேலையைத் தங்கள் இயங்குதளத்துக்குள்ளேயே வைத்துக் கொடுத்தன. செயலிக்கு விதிவிலக்கு வாங்க முடியாதபோது வேலையைச் செயலிக்குக் கீழே இறக்க வேண்டும் என்பதை அன்று எல்லோரும் பார்த்தார்கள்.

பேரிடர் எச்சரிக்கைக்கு அப்படிக் கீழே ஒரு இடம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பெயர் செல் பிராட்காஸ்ட். ஒரு கோபுரம் தன் எல்லைக்குள் இருக்கும் எல்லா செல்பேசிகளுக்கும் ஒரே நேரத்தில் குரல் கொடுப்பது. யாருடைய எண்ணும் தேவையில்லை, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் வேலையும் இல்லை. சீசன் ஞாயிற்றுக்கிழமையின் கூட்டத்தில் வலை திணறினாலும் இது திணறாது. நிறுவ வேண்டிய செயலி எதுவும் இல்லாததால் டோஸ், நீள்துயில், ஆட்டோஸ்டார்ட் எதுவும் இதைத் தொடாது. ஜப்பான் 2007லேயே நில நடுக்கத்துக்கு இதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. இந்தியாவில் 2023ல் மாநிலம் மாநிலமாகச் சோதித்தார்கள். செல்பேசிகள் ஒரே நேரத்தில் விநோதமான சத்தத்தோடு அலறியதைக் கேட்டு, ஏதோ வைரஸ் வந்துவிட்டதாகப் பயந்தவர்களும் உண்டு. வெள்ளத்தைப் பற்றிப் புராஜெக்ட் செய்கிறவர்கள் ஓடவேண்டிய கதவு இதுதான். இதைத் தட்டுவதற்கு அரசு அமைப்பின் கை வேண்டும், கல்லூரி மாணவரால் முடியாது. ஆனால் மலை மேலே இருக்கும் உணர்கருவியையும், எப்போது அலற வேண்டும் என்ற கணக்கையும் மாணவர்கள் செய்யலாம். அதுதான் கடினமான பகுதியும்கூட.

இத்தனைக்குப் பிறகும் ஒரு அற்பமான சிக்கல் மிச்சமிருக்கிறது. குற்றாலத்தில் குளிக்கிறவர் கையில் செல்பேசி இருக்குமா? வண்டியில் இருக்கும். கரையில் உட்கார்ந்திருக்கும் பெரியம்மாவின் பையில், எண்ணெய்ப் புட்டிக்கும் துண்டுக்கும் அடியில், பாலிதீன் பையில் சுற்றி இருக்கும். அருவியின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்துவதே கேட்காது. ஆகவே கோபுரத்திலிருந்து வரும் செய்தி முதலில் போய்ச் சேர வேண்டியது அருவிக்கரையில் பணியில் இருக்கும் காவலரிடமும், ஒரு பெரிய சைரனிடமும்தான். அந்தச் சைரனை இயக்கும் பெட்டி எப்போதும் கரண்டில் சொருகப்பட்டிருக்கலாம், கூடவே ஒரு பேட்டரியும் வைத்துக்கொள்ளலாம். பின்னணி என்ற ஒன்றே அதற்குக் கிடையாது, அது செய்வது அந்த ஒரு வேலையை மட்டும்தான்.

அப்படியானால் செயலியே வேண்டாமா? வேண்டும், வேறு வேலைக்கு. தமிழக அரசின் 'டிஎன்-அலர்ட்' 2024ல் வந்திருக்கிறது, வானிலையும் மழையளவும் பார்க்கலாம். குற்றாலத்துக்குக் கிளம்புகிறவருக்கு வீட்டில் இருக்கும்போதே தெரிய வேண்டியது, இன்று குளிக்க அனுமதி உண்டா, பேரருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுகிறதா, மலையில் மழை எப்படி என்பது. அவர் தானாகத் திறந்து பார்க்கும் நேரத்தில் செயலி திரையில் இருக்கிறது, அதாவது ராஜாவாக இருக்கிறது. அப்போது சர்வரிடம் கேட்டு வாங்கிக் காட்டட்டும். பதில் வரவில்லையென்றால் பழைய நிலவரத்தைப் புதியது போலக் காட்டாமல், "கடைசியாகப் புதுப்பித்தது: காலை 6.40" என்று பெரிய எழுத்தில் மேலே போடட்டும். புராஜெக்ட் வைவாவில் இந்த ஒரு வரியைக் காட்டினால் மதிப்பெண் கூடுமா என்பது சந்தேகம்தான். சாயங்காலம் நாலு மணிக்கு அதைப் பார்க்கிறவர் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கும் முன் கரையில் நிற்கும் காவலரிடம் ஒரு வார்த்தை கேட்பார்.